மூன்று தட்டினால் சி

எழும்பூர்ப் பள்ளியில் எனக்கு ஒதுக்கிய அறைக்கு
எண் இல்லை.
விளையாட்டு ஆசிரியர் வலைகளையும் பந்துகளையும்
போட்டுவைக்கும் இடம்.
ரப்பர் வாடை. ஈரச் சுண்ணாம்பு.
மின்விசிறி பக்கத்து அறையில் சுழல்வது கேட்டது.

"நீங்க சத்தமா படிப்பீங்க, மத்தவங்களுக்குத் தொந்தரவு.
கதவு திறந்திருக்கட்டும், மெதுவா பேசுங்க"
என்றார் ஏகாம்பரம் சார்.
சரிதான்.
இந்தக் கட்டடத்தில்
என் வினாத்தாளுக்கு மட்டும்தான் வாய் வேண்டியிருக்கிறது.

வாயாக வந்தவள் பர்கத் நிஷா.
புதுப்பேட்டை. பி.காம் இரண்டாம் ஆண்டு.
என்னைவிடக் குறைவாகப் படித்தவர்தான்
எனக்காக எழுதலாம் என்று விதி.
அந்த விதியைத் தூக்கிக்கொண்டு நாலு நாள் அலைந்து
நேற்று இரவு ஒன்பது மணிக்குக் கிடைத்தாள்.
என் ஏழு வருடப் படிப்பை
இன்று அவள் பேனாவுக்குள் ஊற்ற வேண்டும்.

முதல் கேள்வியிலேயே தடுக்கினோம்.
பி என்றேன். "டியா அக்கா?" என்றாள்.
டி இல்லை, பி. "சியா?"
தாம்பரம் வண்டி ஒன்று கடந்துபோகக் காத்திருந்தோம்.
குசுகுசுப்பில் அந்த எழுத்துகள் எல்லாம்
ஒரு தாய் பிள்ளைகள்.

பிறகு மேசையில் தட்டினேன்.
ஒன்று ஏ. இரண்டு பி. மூன்று சி.
நாலு டி.
அவள் திருப்பித் தட்டுவாள், சரிபார்க்க.
அப்புறம் வட்டத்துக்குள் பேனா
சுற்றிச் சுற்றிக் கறுப்பாக்கும் சத்தம்.
எந்த வட்டம் என்று அந்தத் தாள் எனக்குச் சொல்லாது.
சத்தத்தை நம்பினேன்.

நாற்பத்து மூன்று:
கீழ்க்காணும் படங்களைப் பார்த்து அடுத்ததைக் கண்டுபிடி.
நிஷா கொஞ்ச நேரம் பேசவில்லை.
"ஒரு வட்டம் அக்கா. உள்ள முக்கோணம்.
அதுக்குள்ள மீன் மாதிரி ஒண்ணு."
என்ன மீன்?
சிரித்துவிட்டாள். "வவ்வால் மீன். வால் இடப்பக்கம்.
அடுத்த படத்துல வால் மேல. அடுத்து வலப்பக்கம்."
வால் கீழே இருப்பது எது?
"சி."
மேசைமேல் விரலால் ஒருமுறை மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டு
மூன்று தட்டினேன்.
என்னை நினைக்காமல் ஒருவர் வரைந்த மீன்
என் நகத்தடியில் நீந்திப் போனது.

வாசலில் செருப்பு நின்றது.
"என்னம்மா, தட்டித் தட்டி சிக்னல் குடுக்கறீங்க?"

நிஷாவின் பேனா கீழே உருண்டது.

சிக்னல்தான் சார், என்றேன்.
கொடுப்பது நான், வாங்குவது அவள்.
விடை தெரிந்தவள் நான்.
அவளுக்குத் தெரியக்கூடாது என்பதுதானே விதி?

யாருக்கோ போன் செய்யப் போனார்.
கைக்கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து
முட்களைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.
பதினோரு நிமிடம்.

"சரி, எழுதுங்க. பன்னிரண்டரைக்கு முடிச்சிடணும்."
பன்னிரண்டரை அவர்களுக்கு சார்.
எனக்கு ஒன்றரை. கூட ஒரு பதினோரு நிமிடம்.
பையில் அரசாணை இரண்டு பிரதி இருந்தது,
பிரெய்லியில் எனக்கு, அச்சில் அவருக்கு.
கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்.
பரவாயில்லை, நான் படிக்கிறேன் என்று
விரலை வைத்தேன்.

மணி அடித்தது. வராந்தா முழுக்கக் காலடிகள்
படியிறங்கிப் போயின.
யாரோ புளிசாதம் பிரித்தார்கள்.
ஏகாம்பரம் சாரின் சாவிக்கொத்து
கொஞ்சநேரம் குலுங்கியது,
பிறகு ஒரு நாற்காலி இழுபட்டது.

நூற்று அறுபத்தொன்று.
இரண்டு தட்டினேன்.
நிஷா திருப்பித் தட்டவில்லை.
"அக்கா... நிஜமாவே பியா?"
நீ கறுப்பாக்கு.

நாற்காலிப் பக்கம் ஒரு செருமல்.
சிரிப்போ என்னவோ.